பழைய ரேஸரைப் பயன்படுத்தும் முன்: தூய்மையும் தொற்றுநீக்கமும்

பரணைச் சுத்தம் செய்யும்போது தாத்தாவின் தகரப் பெட்டியிலிருந்து ஒரு பழைய ரேஸர் செட் கிடைக்கிறது. பித்தளையில் வார்த்து நிக்கல் பூச்சிட்ட, கையில் எடுத்தால் கனமாக இருக்கும் கருவி அது. மேல்மூடியைத் திருகித் திறந்தால் உள்ளே துருவேறிய பிளேடும் காய்ந்துபோன சோப்பும் இருக்கின்றன. "இந்தக் காலத்து பிளாஸ்டிக் ரேஸரைவிட இது எவ்வளவோ உறுதி, கழுவிவிட்டுப் பயன்படுத்தலாமே" என்ற எண்ணம் தோன்றுவது இயல்பு. சந்தையிலும் பழைய பொருள் கடைகளிலும் இத்தகைய ரேஸர்களை விரும்பி வாங்குவோரும் உள்ளனர்.

அந்த எண்ணத்தில் தவறில்லை. முறையாகத் தூய்மை செய்து தொற்றுநீக்கம் செய்தால் ஒரு நல்ல உலோக ரேஸரைத் தலைமுறைகள் கடந்தும் பயன்படுத்தலாம். ஆனால் குழாயடியில் ஒருமுறை அலசுவது தூய்மையும் அன்று, தொற்றுநீக்கமும் அன்று. தேனி மாவட்டம் குச்சனூரிலும் அதைச் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கிலும் வாழும் மக்கள் வீட்டிலேயே பின்பற்றக்கூடிய எளிய முறையை இப்பக்கம் விளக்குகிறது. சவரக்கத்தி பலர் தலையில் படும் மற்றோர் இடமான முடிகாணிக்கையின்போது கவனிக்க வேண்டியவையும் இதில் சேர்க்கப்பட்டுள்ளன.

பழைய ரேஸரில் என்ன இருக்கக்கூடும்?

சவரம் செய்யும்போது முடியுடன் தோலின் மேலடுக்கும் மிக நுண்ணிய அளவில் சீவப்படுகிறது. இரத்தம் கண்ணுக்குத் தெரியாத சவரத்திலும் தோலில் சிறு கீறல்கள் விழுகின்றன. தோல் துகள், எண்ணெய்ப் பசை, முடித் துண்டு, சோப்பு, சில வேளைகளில் இரத்தம் ஆகிய அனைத்தும் ரேஸரின் மேல்மூடிக்கும் அடித்தட்டுக்கும் இடையிலும், கைப்பிடியின் மரையிலும், பிடிமானத்துக்காக வெட்டப்பட்ட நுண் பள்ளங்களிலும் தங்கிவிடுகின்றன. ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் நீரிலுள்ள உப்பும் இவற்றின்மேல் படிந்து வெண்மையான ஓடுபோல் இறுகிவிடும்.

இந்தப் படிவுகளில் மூன்று வகைக் கிருமிகள் இருக்கக்கூடும்.

முதலாவது, தோலில் சீழ்க்கட்டிகளையும் மயிர்க்கால் அழற்சியையும் உண்டாக்கும் பாக்டீரியாக்கள். இரண்டாவது, படர்தாமரை போன்ற தோல் நோய்களை உண்டாக்கும் பூஞ்சைகள். தோலில் மரு உண்டாக்கும் வைரஸ்களும் சவரத்தின் வழியாக ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கும், ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கும் பரவுகின்றன. மூன்றாவது, இரத்தத்தின் வழியாகப் பரவும் வைரஸ்கள். இவற்றுள் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகிய கல்லீரல் அழற்சி வைரஸ்கள் முக்கியமானவை.

ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, உலர்ந்த இரத்தத் துளியிலும், குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனுடன் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமே தொற்றுக்குப் போதுமானது. ஹெபடைடிஸ் சி வைரஸும் வெளியில் பல நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. எச்.ஐ.வி. உடலுக்கு வெளியே விரைவில் செயலிழந்துவிடும் என்றாலும், சற்று முன்பு மற்றொருவருக்குப் பயன்படுத்திய பிளேடை உடனே பயன்படுத்துவது பாதுகாப்பானதன்று.

அப்படியானால், இருபது ஆண்டுகள் பரணில் கிடந்த ரேஸரில் இந்த வைரஸ்கள் இருக்குமா? அவ்வளவு காலம் அவை உயிர்ப்புடன் இருக்கமாட்டா. அத்தகைய ரேஸரில் உண்மையான ஆபத்து துருவேறிய பழைய பிளேடிலும், நெடுங்காலம் தாங்கும் பாக்டீரியா வித்துகளிலும், இறுகிய அழுக்கிலும்தான் உள்ளது. ஆனால் கடையில் வாங்கிய ரேஸர் கடைசியாக எப்போது, யாருக்குப் பயன்பட்டது என்பதை நீங்கள் அறியமுடியாது. வீட்டில் கிடைத்த ரேஸரையும் சென்ற வாரம் யாரேனும் எடுத்துச் சோதித்துப் பார்த்திருக்கலாம். ஆகவே எந்த ரேஸரானாலும், அது நேற்று மற்றொருவர் பயன்படுத்தியது என்று கருதியே தொற்றுநீக்கம் செய்யுங்கள்.

துரு பட்டால் இரணஜன்னி வருமா?

டெட்டனஸ் எனப்படும் இரணஜன்னிக்குத் துரு காரணமன்று. மண்ணிலும் சாணத்திலும் தூசியிலும் வாழும் ஒரு பாக்டீரியாவின் வித்துகளே காரணம். துருவேறிய சொரசொரப்பான பரப்பில் மண்ணும் தூசியும் எளிதில் தங்குவதால்தான் துருவையும் இரணஜன்னியையும் மக்கள் இணைத்துப் பேசுகின்றனர். துரு இல்லாத, ஆனால் தூசி படிந்த பிளேடும் அதே அளவு ஆபத்தானது. பழைய பிளேடைக் கழற்றும்போது விரலில் வெட்டு ஏற்பட்டால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நன்கு கழுவிவிட்டு, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி தேவையா எனக் கேட்டறியுங்கள்.

தூய்மை வேறு, தொற்றுநீக்கம் வேறு

தூய்மை செய்தல் என்பது அழுக்கையும் பிசுக்கையும் படிவையும் நீக்குவது. சோப்பு, வெந்நீர், தூரிகை ஆகியவை இதற்குப் போதும்.

தொற்றுநீக்கம் என்பது எஞ்சியுள்ள கிருமிகளை அழிப்பது. கொதிநீரோ உரிய செறிவுள்ள ஆல்கஹாலோ இதைச் செய்யும். நோய் உண்டாக்கும் பெரும்பாலான பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ்கள் இதில் அழியும். பாக்டீரியா வித்துகள் சில தப்பக்கூடும்.

நுண்ணுயிர் நீக்கம் என்பது வித்துகள் உட்பட அனைத்தையும் அழிப்பது. மருத்துவமனைகளில் 121 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அழுத்த நீராவியால் இதைச் செய்கின்றனர். ஒருவர் தம் வீட்டில் தாம் மட்டுமே பயன்படுத்தும் ரேஸருக்கு இந்த அளவு தேவையில்லை. முறையான தூய்மையும் தொற்றுநீக்கமும் போதுமானவை.

இவற்றின் வரிசை மாறக்கூடாது. சோப்புக் கசடும் உலர்ந்த இரத்தமும் கிருமிகளுக்குக் கவசம்போல் அமைகின்றன. அழுக்கு நீங்காத ரேஸரை எவ்வளவு நேரம் ஆல்கஹாலில் ஊறவைத்தாலும், மருந்து கசடின் மேற்பரப்பை மட்டுமே தொடும். அடியிலுள்ள கிருமிகள் அப்படியே இருக்கும். முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அழுக்கு முற்றிலும் நீங்கிய பின்னரே தொற்றுநீக்கம் செய்ய வேண்டும்.

எந்த ரேஸரைப் பயன்படுத்தக் கூடாது?

எல்லாப் பழைய ரேஸரும் மீட்கத்தக்கது அன்று. பின்வரும் குறைகள் இருந்தால் அதை நினைவுப்பொருளாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

• மேல்மூடியோ அடித்தட்டோ வளைந்திருத்தல், விரிசல் விட்டிருத்தல். பிளேடு சீராக அமராமல் தோலில் ஆழமாக வெட்டும்.
• தோலில் படும் பகுதியில் பூச்சு உரிந்து, உலோகம் குழிகுழியாக அரிக்கப்பட்டிருத்தல். அந்தக் குழிகளை முழுமையாகத் தூய்மை செய்ய இயலாது.
• மரை தேய்ந்து, திருகினாலும் பிளேடு ஆடுதல்.
• நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்கு நிக்கல் பூச்சிட்ட ரேஸர் பொருந்தாது. கவரிங் நகை, கைக்கடிகாரம் ஆகியவை பட்ட இடத்தில் அரிப்பும் தடிப்பும் வருவோர் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

செய்முறை

தேவையானவை: தடித்த ரப்பர் கையுறை, பாத்திரம் கழுவும் திரவம், இனிமேல் வேறெதற்கும் பயன்படாத மென்மையான பல் தூரிகை, பல் குச்சி, தூய துணி, மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரம், 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அல்லது எத்தில் ஆல்கஹால். கடைசியில் கூறியது மருந்துக் கடைகளில் கிடைக்கும். புட்டியின் மேலுள்ள சீட்டில் செறிவைப் பார்த்து வாங்குங்கள்.

1. பழைய பிளேடை அகற்றுங்கள். ரேஸரை வெந்நீரில் சோப்புத் திரவம் கலந்து அரைமணி நேரம் ஊறவிடுங்கள். கசடு இளகிய பின் கையுறை அணிந்து, கைப்பிடியைத் திருகிக் கழற்றுங்கள். பிளேடின் கூரில்லாத குறுகிய இரு முனைகளை மட்டும் பிடித்து எடுங்கள். அதை மீண்டும் பயன்படுத்த எண்ண வேண்டாம்.

2. மரை இறுகியிருந்தால் வலிந்து திருகாதீர்கள். ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் விட்டு, சில மணி நேரம் கழித்து மெதுவாகத் திருகுங்கள். எண்ணெய் விட்ட ரேஸரை அடுத்த படியில் கூடுதல் கவனத்துடன் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பூச்சும் கிருமிகளுக்குக் கவசமாகிவிடும்.

3. பகுதி பகுதியாகத் தேய்த்துக் கழுவுங்கள். மேல்மூடி, அடித்தட்டு, கைப்பிடி ஆகிய மூன்றையும் தனித்தனியாகச் சோப்பு நீரில் தேயுங்கள். மரையின் உட்புறத்தையும் கைப்பிடியின் பள்ளங்களையும் பல் குச்சியால் சுரண்டி எடுங்கள். கைப்பிடியின் அடியைத் திருகினால் மேற்புறம் இரு கதவுகள் போல விரியும் வகை ரேஸரைப் பிரிக்க இயலாது; அதன் கதவுகளைத் திறந்தும் மூடியும் பலமுறை தேய்க்க வேண்டும். தூரிகையை நீருக்கு அடியில் வைத்துத் தேய்த்தால் அழுக்கு நீர் முகத்தில் தெறிக்காது.

4. அலசிப் பாருங்கள். ஓடும் நீரில் அலசி, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். வெண்படிவோ கருங்கசடோ தென்பட்டால் மூன்றாம் படியை மீண்டும் செய்யுங்கள். பின் தூய துணியால் துடைத்து நன்கு உலரவிடுங்கள். ஈரம் இருந்தால் அடுத்த படியில் ஆல்கஹாலின் செறிவு குறைந்துவிடும்.

5. தொற்றுநீக்கம் செய்யுங்கள். பிரித்த பகுதிகள் அனைத்தும் முழுமையாக மூழ்கும் அளவுக்கு 70 சதவீத ஆல்கஹாலைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி, 10 நிமிடங்கள் மூடி வையுங்கள். பஞ்சால் ஒருமுறை துடைப்பது போதாது. சில நொடிகளில் ஆல்கஹால் ஆவியாகிவிடும், கிருமி அழிவதற்குரிய நேரம் கிடைக்காது. அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி ஆகியவை அருகில் இருக்கக் கூடாது. சன்னல்களைத் திறந்து வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செறிவு கூடினால் ஆற்றல் கூடும் என்று கருதி 99 சதவீத ஆல்கஹாலை வாங்க வேண்டாம். கிருமியின் புரதத்தைச் சிதைக்க ஆல்கஹாலுக்கு நீரும் துணை வேண்டும். அதனால் 70 சதவீதமே சிறப்பாகச் செயல்படுகிறது.

6. ஆல்கஹால் கிடைக்காவிட்டால் கொதிநீரைப் பயன்படுத்தலாம். முழுவதும் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகால் ஆன ரேஸருக்கு மட்டுமே இது பொருந்தும். நீர் தளதளவெனக் கொதிக்கத் தொடங்கியதிலிருந்து கணக்கிட்டு 20 நிமிடங்கள் கொதிக்கவிடுங்கள். இடையில் வேறு பொருளைப் போட்டால் மீண்டும் முதலிலிருந்து கணக்கிடுங்கள். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் நீரின் கொதிநிலை ஏறத்தாழ 1 டிகிரி குறைகிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள மேகமலைப் பகுதியில் நீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ஆகவே மலைப்பகுதியில் வாழ்வோர் நேரத்தைச் சிறிதும் குறைக்கக் கூடாது. பிளாஸ்டிக், மரம், கொம்பு ஆகியவற்றால் ஆன கைப்பிடிகள் கொதிநீரில் விரிசல் விடும். துத்தநாகக் கலவையில் வார்த்த மலிவான ரேஸர்களின் பூச்சு உரிந்துவிடும். இவற்றுக்கு ஆல்கஹாலே ஏற்றது.

7. உலர்த்திப் புதிய பிளேடு பொருத்துங்கள். தூய துணியின்மீது வைத்துக் காற்றில் உலரவிடுங்கள். பின்னர் உறை பிரிக்காத புதிய பிளேடைப் பொருத்துங்கள்.

செய்யக்கூடாதவை

புளியால் தேய்த்தல். பித்தளைப் பாத்திரத்தைப் புளியால் துலக்குவது நம் வீடுகளின் வழக்கம். புளியிலும் எலுமிச்சையிலும் வினிகரிலும் உள்ள அமிலம் களிம்பை நீக்கிப் பளபளப்பைத் தரும். ஆனால் அது நிக்கல் பூச்சை அரிக்கும். கிருமிகளை நம்பத்தக்க அளவில் அழிக்காது. பளபளக்கும் ரேஸர் தொற்றற்றது என்று பொருளன்று. சாம்பலும் பாத்திரம் துலக்கும் தூளும் பூச்சில் கீறல்களை உண்டாக்கும். அந்தக் கீறல்களில் அழுக்கு மீண்டும் தங்கும்.

பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்தல். குளோரின் கிருமிகளை அழிக்கும் என்பது உண்மை. ஆயினும் அது உலோகத்தை விரைவில் அரித்துவிடும். கழிவறை தூய்மை செய்யும் அமிலத்துடன் பிளீச்சிங் பவுடரை எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். நுரையீரலைப் பாதிக்கும் நச்சு வாயு வெளிப்படும்.

தீயில் காட்டுதல். தீச்சுடரில் ஒரு நொடி காட்டுவதால் பிளேடு முழுவதும் சீராகச் சூடேறுவதில்லை. ஆல்கஹால் நனைந்த ரேஸரைத் தீயில் காட்டினால் தீக்காயம் நேரும்.

கிருமிநாசினியில் முக்கி எடுத்தல். ஒரு குவளை நீரில் சில துளி கிருமிநாசினி விட்டு, அதில் ரேஸரை ஒருமுறை முக்கி எடுப்பது மனநிறைவை மட்டுமே தரும். செறிவும் ஊறும் நேரமும் சரியாக இல்லாவிட்டால் எந்த மருந்தும் வேலை செய்யாது. பலரது கத்தியை முக்கிய அதே குவளை நீர், நாள் முழுவதும் மாற்றப்படாவிட்டால், அதுவே தொற்றுக்கு இடமாகிவிடும்.

படிகாரத்தைப் பகிர்தல். படிகாரக்கல் சிறு வெட்டுகளில் இரத்தக் கசிவை நிறுத்தும். ஒருவர் முகத்தில் தேய்த்த அதே கல்லை மற்றொருவர் முகத்தில் தேய்த்தால், ஒரு காயத்திலிருந்து மற்றொரு காயத்துக்கு இரத்தம் செல்ல வழி ஏற்படும்.

பழைய சவரத் தூரிகையும் தோல்வாரும்

ரேஸருடன் பழைய முடித் தூரிகையும் கிடைத்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம். இதற்கு வரலாற்றிலும் காரணம் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில், முறையாகத் தொற்றுநீக்கம் செய்யப்படாத குதிரை முடியால் செய்த சவரத் தூரிகைகளின் வழியாக அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் படைவீரர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆந்த்ராக்ஸ் எனும் கொடிய நோய் பரவியது. 1915 முதல் 1924 வரையிலான ஆண்டுகளில் இவ்வாறு 200-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். ஆந்த்ராக்ஸ் பாக்டீரியாவின் வித்துகள் பல பத்தாண்டுகள் தாங்கக்கூடியவை. அவற்றை ஆல்கஹால் அழிப்பதில்லை. கொதிநீரில் போட்டால் தூரிகையே கெட்டுவிடும். இன்று கிடைக்கும் ஒரு பழைய தூரிகையால் இந்நோய் வரும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. என்றாலும் வீட்டில் நம்பிக்கையுடன் தொற்றுநீக்கம் செய்ய இயலாத பொருளைத் தவிர்ப்பதே முறை. புதிய தூரிகை வாங்குவது பெருஞ்செலவன்று. சவரக்கத்தியைத் தீட்டும் பழைய தோல்வாருக்கும் இதே அறிவுரை பொருந்தும்.

பிளேடு ஒருவருக்கு மட்டும்

பழங்காலச் சவரக்கத்தி தீட்டித் தீட்டிப் பயன்படுத்தப்பட்டது. அதற்கு மாற்றாக, மழுங்கியதும் எறிந்துவிடக்கூடிய மெல்லிய பிளேடுடன் கூடிய ரேஸருக்கு அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்றார். எறிந்துவிடத்தக்க பிளேடு என்ற அந்த ஏற்பாடு சவரத்தை எளிதாக்கியதுடன் தொற்றிலிருந்தும் காக்கிறது. ஆனால் பிளேடைக் கண்ணாடிக் குவளையின் உட்புறம் தேய்த்துக் கூராக்கி மீண்டும் பயன்படுத்துவது, தந்தையும் மகனும் ஒரே பிளேடைப் பயன்படுத்துவது ஆகிய பழக்கங்களால் அந்தப் பாதுகாப்பை நாமே இழந்துவிடுகிறோம்.

தொற்றுநீக்கம் செய்த ரேஸரை ஒருவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு சவரத்துக்குப் பின்னும் அலசி, நீரை உதறி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். குளியலறையின் ஈரமான மூலையில் வைக்காதீர்கள். 5 முதல் 7 சவரங்களுக்குப் பின், அல்லது பிளேடு முடியை இழுப்பதாக உணர்ந்தால் அதற்கு முன்பே, பிளேடை மாற்றுங்கள். வேறொருவர் உங்கள் ரேஸரைப் பயன்படுத்திவிட்டால், பிளேடை மாற்றிவிட்டு முழுச் செய்முறையையும் மீண்டும் செய்யுங்கள். சர்க்கரை நோய் உள்ளோரும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்வோரும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோரும் சிறு வெட்டையும் அலட்சியம் செய்யக் கூடாது.

பயன்படுத்திய பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடாதீர்கள். குப்பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையை அது வெட்டும். அந்த வெட்டின் வழியாக உங்கள் வீட்டின் கிருமி அவர் உடலுக்குள் செல்லும். மூடியுள்ள ஒரு தகர டப்பாவின் மேற்புறத்தில் சிறு பிளவு வெட்டி, பிளேடுகளை அதற்குள் போட்டு வாருங்கள். நிரம்பியதும் பிளவை ஒட்டி மூடி, "பழைய பிளேடு" என்று எழுதி, மற்ற குப்பையுடன் சேர்க்காமல் தனியாகப் பணியாளரிடம் ஒப்படையுங்கள்.

முடிகாணிக்கை செலுத்தும்போது

குச்சனூர் சுயம்பு சனீஸ்வர பகவான் கோயிலில் ஆடி மாதச் சனிக்கிழமைகளில் திருவிழா நடைபெறுகிறது. பக்தர்கள் சுரபி நதியில் நீராடி வழிபடுகின்றனர். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பெருங்கூட்டம் திரள்கிறது. இக்கோயில்களானாலும் உங்கள் குலதெய்வக் கோயிலானாலும், முடிகாணிக்கை செலுத்தும்போது, குறிப்பாகக் குழந்தைக்கு முதல் முடி இறக்கும்போது, பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

• உறை பிரிக்காத புதிய பிளேடை உங்கள் கண்ணெதிரே பிரித்துக் கத்தியில் பொருத்தச் சொல்லுங்கள். ஒரு பிளேடை இரண்டாக உடைத்துப் பொருத்தும் கத்தியாயின், மற்ற பாதி வேறொருவருக்குப் பயன்பட்டதன்று என்பதை உறுதிசெய்யுங்கள். வீட்டிலிருந்தே புதிய பிளேடு எடுத்துச் செல்வது இன்னும் நல்லது.
• பிளேடைத் தாங்கும் கத்தியின் பிடியும் உங்களுக்கு முன் தூய்மை செய்யப்பட வேண்டும். பிளேடு புதியதாக இருந்து பிடியில் மற்றொருவரின் இரத்தம் ஒட்டியிருந்தால் பயனில்லை.
• தலையை நனைக்கத் தூய நீரைப் பயன்படுத்துங்கள். துண்டும் சந்தனமும் உங்களுடையவையாக இருக்கட்டும். பலர் கைவிட்டுக் குழைத்த சந்தனத்தைப் புதிதாக மழித்த தலையில் பூச வேண்டாம்.
• தலையில் வெட்டு ஏற்பட்டிருந்தால் ஆற்றிலோ குளத்திலோ மூழ்குவதைத் தவிர்த்துக் குழாய் நீரில் குளியுங்கள். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி மாசடைந்த நீரிலிருந்து காயத்தின் வழியாக உடலுக்குள் நுழையக்கூடியது.
• தலையில் சொறி, சீழ்ப்புண், படர்தாமரை இருந்தால் அவை ஆறும்வரை முடி இறக்குவதைத் தள்ளிவையுங்கள்.

இவற்றைக் கேட்பது முடி இறக்குபவரை அவமதிப்பதாகாது. நாள்தோறும் பலரின் இரத்தம் கையில் படும் வாய்ப்புள்ள அவருக்கும் இதே பாதுகாப்பு தேவை. கையுறையும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் அவருடைய உடல்நலத்துக்கும் இன்றியமையாதவை.

குழந்தையைப் பொறுத்தவரை இந்தக் கவனம் ஏன் இரட்டிப்பாக வேண்டும்? ஹெபடைடிஸ் பி தொற்று பெற்ற பெரியவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவானவர்களுக்கே அது நாட்பட்ட நோயாக மாறுகிறது. கைக்குழந்தைப் பருவத்தில் தொற்று பெற்றால் 10 குழந்தைகளில் ஏறத்தாழ 9 பேருக்கு அது நாட்பட்ட நோயாக நிலைத்துவிடுகிறது. பிற்காலத்தில் கல்லீரல் சுருக்கத்துக்கும் புற்றுநோய்க்கும் இட்டுச்செல்லக்கூடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும், 6, 10, 14 ஆகிய வாரங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசியும் அரசு நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகின்றன. முடி இறக்க நாள் குறிக்கும் முன், குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்து இவை நிறைவுபெற்றுள்ளனவா எனப் பாருங்கள்.

பென்டாவேலன்ட் தடுப்பூசி நாட்டிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 2011 டிசம்பரில் தொடங்கப்பட்டது. இன்றைய பெரியவர்களில் பலர் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பெறாதவர்கள். அவர்கள் மருத்துவரின் அறிவுரைப்படி 0, 1, 6 ஆகிய மாதங்களில் மூன்று தவணையாகப் பெறலாம்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

மற்றொருவர் பயன்படுத்திய பிளேடு உங்களை வெட்டிவிட்டால் காயத்தை அழுத்திப் பிழியாதீர்கள்; வாயால் உறிஞ்சாதீர்கள். சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஹெபடைடிஸ் பி-க்கு எதிரான தடுப்பு நடவடிக்கையை 24 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என மருத்துவர் கருதினால், அதை இயன்றவரை விரைவாகவும், 72 மணி நேரத்துக்கு மிகாமலும் தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும்.

சவரம் செய்த இடத்தில் சிவந்து வீங்கிச் சீழ் வைத்தல், வட்டமாகப் படரும் அரிப்பு, காய்ச்சல் ஆகியவை தோன்றினாலும் மருத்துவரை அணுகுங்கள். கடையில் தாமாகக் களிம்பு வாங்கிப் பூசுவது படர்தாமரையை மறைத்து வளர்க்கக்கூடும்.

ஹெபடைடிஸ் பி தொற்றின் அறிகுறிகள் தோன்ற ஒரு மாதம் முதல் ஆறு மாதங்கள் வரை ஆகலாம். பலருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. பசியின்மை, மிகுந்த சோர்வு, அடர்மஞ்சள் நிறச் சிறுநீர், கண் மஞ்சளாதல் ஆகியவை இருந்தால், மஞ்சள் காமாலைக்குக் கைவைத்தியம் மட்டும் செய்துகொண்டு காத்திருக்க வேண்டாம். எந்த வைரஸால் வந்தது என்பதை இரத்தப் பரிசோதனையே கூறும். ஹெபடைடிஸ் பி நோயை மருந்தால் கட்டுப்படுத்தலாம். ஹெபடைடிஸ் சி நோய்க்குத் தடுப்பூசி இல்லை. ஆயினும் பெரும்பாலானோரை ஏறத்தாழ 12 வார மாத்திரைச் சிகிச்சையால் முழுமையாகக் குணப்படுத்த முடியும்.

இவ்விரு நோய்களுக்கும் இலவசப் பரிசோதனையும் சிகிச்சையும் அளிக்கும் தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம், உலகக் கல்லீரல் அழற்சி நாளான ஜூலை 28 அன்று, 2018-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இந்த நாள் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில்தான் வருகிறது. ஆடிச் சனிக்கிழமைக்குக் குச்சனூர் செல்லத் திட்டமிடும் குடும்பத்தினர், அந்த மாதத்திலேயே தம் தடுப்பூசி நிலையைச் சரிபார்த்துக்கொள்வதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

குச்சனூர் பகுதி மக்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையும், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் அரசு மருத்துவமனைகளையும், க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் அணுகலாம். உடல்நல ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108 ஆகிய எண்களை அழைக்கலாம்.

நினைவில் கொள்ளுங்கள்

• முதலில் தேய்த்துக் கழுவுங்கள். அதன் பின்னரே தொற்றுநீக்கம் செய்யுங்கள்.
• 70 சதவீத ஆல்கஹாலில் 10 நிமிடங்கள், அல்லது உலோக ரேஸராயின் கொதிநீரில் 20 நிமிடங்கள்.
• பழைய கைப்பிடியைப் பயன்படுத்தலாம். பழைய பிளேடையும் பழைய தூரிகையையும் பயன்படுத்தக் கூடாது.
• ஒரு ரேஸர் ஒருவருக்கு மட்டுமே.
• முடிகாணிக்கைக்குப் புதிய பிளேடைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள்.
• குழந்தைக்கும் உங்களுக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நிறைவுபெற்றதா எனப் பாருங்கள்.

தாத்தாவின் ரேஸரை நீங்கள் உங்கள் மகனுக்கும் கொடுக்கலாம். கொடுக்கும்போது உறை பிரிக்காத புதிய பிளேடு ஒன்றையும், அதைப் பிறருடன் பகிரக் கூடாது என்ற அறிவுரையையும் சேர்த்துக் கொடுங்கள்.